பினாங்கைக் காப்பாற்றியது சுமத்ராவா, பாக்காவ் காடா?

22 டிசம்பர் 2024 – ஈப்போ வாசகர் ஒருவரின் கேள்வி

சுனாமி வந்து 20 ஆண்டு ஆகப்போகிறது. வருடா வருடம் பாக்காவ் (கடலோரச் சதுப்பு மரம்) கன்று நடுகிறோம், படம் எடுத்துக்கொள்கிறோம். என் கருத்து இது: 2004-இல் பினாங்கைக் காப்பாற்றியது குறுக்கே கிடந்த சுமத்ரா தீவு. சதுப்புக் காடு காப்பாற்றியது என்பது பிறகு கட்டிய கதை. மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வரவும்.

22 டிசம்பர் 2024, இரவு 10.40

பாதி சரி, பாதி அவசரம்.

நிலநடுக்கம் சுமத்ராவின் அச்சேவுக்கு மேற்கே, தீவின் அந்தப் பக்கம். அதனால் அலை நம் பக்கம் நேராக வரவில்லை. வடமுனையைச் சுற்றி வளைந்து, அந்தமான் கடல் வழியாக மலாக்கா நீரிணைக்குள் நுழைந்தது. அப்படிச் சுற்றி வந்ததே மலேசியாவில் 68 பேரைக் கொண்டுபோயிற்று. அதில் 52 பேர் பினாங்கில். “காப்பாற்றியது” என்ற சொல்லை அந்த வீடுகளில் போய்ச் சொல்லிப் பாருங்கள்.

பாக்காவ் பற்றி நாளைக்கு. ஷிஃப்ட் முடிந்து இப்போதுதான் வந்தேன், கண் சொக்குகிறது.

23 டிசம்பர் 2024, காலை 6.50

தூக்கம் வரவில்லை. மரத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை அந்த நாளைத்தான் எழுதுகிறது. எழுதிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை, மார்கழிப் பௌர்ணமி. அப்போது ஜெலுத்தோங்கில் பதினான்காவது மாடியில் குடியிருந்தோம். காலை ஒன்பது மணிவாக்கில் சாமி மேடைக்கு மேலே தொங்கிய விளக்கு தானாக ஆடியது. மகளின் மீன் தொட்டியில் தண்ணீர் ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் ஏறி, தரையில் தளும்பியது. தொட்டியை இடித்துவிட்டேன் என்று அம்மா முதலில் என்னைத்தான் திட்டினார். அப்புறம்தான் சுவர்க் கடிகாரமும் ஆடுவதைப் பார்த்தோம்.

பதினான்கு மாடியும் படியில் இறங்கினோம். கீழே கார் நிற்கும் இடத்தில் சாரோங்கோடு ஒருவர், தலையில் சோப்பு நுரையோடு ஒருவர், பறவைக் கூண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சீனத் தாத்தா ஒருவர். நூறு பேர் இருப்போம். கட்டடம் தாங்குமா, விரிசல் விட்டிருக்குமா, இதே பேச்சு. சுமத்ராவில் நிலநடுக்கமாம் என்று யாரோ வானொலியில் கேட்டு வந்து சொன்னார். சரி, அங்கேதானே என்று கலைந்தோம். அந்த நூறு பேரில் ஒருவர்கூட கடலைப் பற்றி வாய் திறக்கவில்லை.

அம்மா மட்டும் இன்றைக்கு மேலே ஏற மாட்டேன் என்று அடம். நான் போய் மனைவி பொரித்து வைத்திருந்த மீகூனை (அரிசிச் சேமியா) பொட்டலம் கட்டி எடுத்து வந்தேன். அக்காவையும் அவள் மகனையும் வழியில் ஏற்றிக்கொண்டு பத்து ஃபெரிங்கி பக்கம் கிளம்பினோம். கட்டடத்துக்குப் பயந்து கடற்கரைக்குப் போன குடும்பம் எங்களுடையது.

சாலையை ஒட்டிய சின்னக் கரை. மணி ஒன்று தாண்டியிருக்கும். சாலையோரம் ஒரு மாக்சிக் (மலாய்க்கார அம்மா) பழ ரோஜாக் (காரப் பழக்கலவை) விற்றுக்கொண்டிருந்தார். நான் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவர் கடைக்கு ஏறி வந்தேன், அம்மாவும் மனைவியும் அங்கேதான் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். கீழே அக்கா மட்டும். அப்போதுதான் கடல் பின்னால் போயிற்று. இரைச்சல் ஏதும் இல்லை. கழுவு தொட்டியின் அடைப்பை யாரோ உருவிவிட்ட மாதிரி வடிந்தது. பாறைகள் எழுந்து நின்றன. சேற்றில் சின்னச் சின்ன மீன்கள் துள்ளின. அக்கா பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மீன் பொறுக்க இறங்கினாள். நான் மேலிருந்து சிரித்துக்கொண்டிருந்தேன்.

மாக்சிக் கத்தியைக் கீழே வைத்தார். இது வற்றும் நேரமில்லையே என்று மலாயில் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அடுத்த நொடி ஒரு கத்தல்: “நாயேக்! நாயேக்!” மேலே ஏறு என்று. அவர் அப்பா மீன்பிடிப்பவர் என்று பிறகு தெரிந்தது. அக்கா ஏன் எதற்கு என்று கேட்காமல் ஓடி வந்துவிட்டாள், கையில் ஒற்றைச் செருப்போடு.

தண்ணீர் சாலை விளிம்பைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. வந்ததைவிட அது திரும்பிப் போனதுதான் பயங்கரம். பக்கத்துக் கரையில் குளித்துக்கொண்டிருந்தவர்களைப் பற்றி எழுதமாட்டேன். எனக்குப் பாதத்தில் ஒரு வெட்டு, ஓடும்போது கண்ணாடி குத்தியிருக்கும். பத்து நாள் ஆறவில்லை.

நிலநடுக்கம் காலை 8.58-க்கு. அலை வந்தது ஒன்றேகால் வாக்கில். நடுவில் நாலு மணி நேரத்துக்கு மேல். ஈப்போ நண்பரே, சுமத்ராவா பாக்காவா என்று நீங்கள் கேட்கிறீர்கள். எனக்கு அந்த நாலு மணி நேரம்தான் தொண்டையில் நிற்கிறது.

24 டிசம்பர் 2024, மதியம் 1.05

“இவ்வளவு பக்கத்தில் இருக்கும் பினாங்குக்கு அலை வர ஏன் நாலு மணி நேரம்?” என்று கேட்டிருக்கிறார் ஒருவர்.

அலையின் வேகத்தை ஆழம்தான் தீர்மானிக்கிறது. 4,000 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 700 கிலோமீட்டர், விமானம் மாதிரி. 50 மீட்டர் ஆழத்தில் 80 கிலோமீட்டர், பினாங்குப் பாலத்தில் நாம் போகவேண்டிய வேகம். (போவதில்லை.) மலாக்கா நீரிணையின் வட பகுதி ஆழமில்லாத கடல். அதில் அலை தவழ்ந்துதான் வரவேண்டும். வங்காள விரிகுடா ஆழம். அதனால் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் சென்னையை அலை முதலில் தொட்டது. இந்திய நேரம் ஒன்பது மணிவாக்கில், அதாவது நம் நேரம் பதினொன்றரை. நாங்கள் மீகூன் பொட்டலத்தோடு காரில் ஏறிய நேரம்.

ஹவாயில் இருக்கும் பசிபிக் எச்சரிக்கை மையத்துக்கு நிலநடுக்கம் கால் மணி நேரத்திலேயே தெரியும். இந்தியப் பெருங்கடலில் யாரிடம் சொல்வது? அப்படி ஓர் அமைப்பே அப்போது இல்லை.

எங்களுக்கு ஓர் அமைப்பு இருந்தது. அம்மாவின் தம்பி நாகப்பட்டினத்தில், வெளிப்பாளையத்தில் இருக்கிறார். அக்கரைப்பேட்டையில் வலை, கயிறு விற்கும் கடை. தாத்தா ரஜூலா கப்பலில் வந்த நாளிலிருந்து விட்டுப்போகாத உறவு. கடல் ஊருக்குள் வந்ததைக் கண்ணால் பார்த்த மாமா, பதறி எங்கள் வீட்டுக்குத் தொலைபேசி அடித்திருக்கிறார். மணி அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. எடுக்க ஆள் இல்லை. நாங்கள் கடற்கரையில்.

20 ஆண்டாக இதை யாரிடம் சொன்னாலும் குரல் மாறிவிடுகிறது.

27 டிசம்பர் 2024, இரவு 9.20

சரி, பாக்காவ்.

நேற்று இருபதாம் ஆண்டு. பாலேக் பூலாவ் பக்கம் பூலாவ் பெத்தோங் போய்வந்தேன். அந்தப் பகுதிதான் அன்றைக்கு அதிகம் அடி வாங்கியது. பாசீர் பாஞ்சாங் கரையில் குளிக்க வந்த குடும்பங்கள் அப்படியே போயின. ஆற்று முகத்துக்குள் கட்டியிருந்த படகுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்த படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆனால் ஆற்றின் உள்பக்கம் பாக்காவ் அடர்ந்து நின்ற இடங்களில் வேகம் குறைந்துதான் வந்தது என்று அங்குள்ள மீனவர்கள் இன்றும் அடித்துச் சொல்கிறார்கள். பினாங்குக் கடலோர மீனவர் நலச் சங்கத்தார் சுனாமிக்கு முன்பே, 1990-களிலேயே, பாக்காவ் நட ஆரம்பித்தவர்கள். அவர்கள் நட்டது அலைக்குப் பயந்து அல்ல, இறால் குறைந்துபோனதால். வேரிடுக்கில்தான் குஞ்சு வளரும், வேர் போனால் வலை காலி. சுனாமிக்குப் பிறகுதான் அரசாங்கமும் சேர்ந்துகொண்டது, மந்திரிமார் கையில் மண்வெட்டி வந்தது.

ஆதாரம் கேட்டீர்களே. 2005-இல் ‘சயன்ஸ்’ இதழில் நம் கடலூர் மாவட்டக் கரையை வைத்தே ஒரு கட்டுரை வந்தது. மரம் அடர்ந்த இடத்தின் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று கண்டிருக்கிறார்கள். பிச்சாவரம் போனவர்களுக்கு அந்தக் காடு கண்ணில் இருக்கும். ஆக, கதை அல்ல.

30 டிசம்பர் 2024, இரவு 11.50

மேலே “ஆக, கதை அல்ல” என்று நான் முடித்தது கொஞ்சம் துள்ளல். அதே கடலூர்க் கரையைப் பற்றி இதையே சொன்ன இன்னோர் ஆய்வின் கணக்கை எடுத்து 2006-இல் வேறு ஆய்வாளர்கள் மறுத்திருக்கிறார்கள். சேதம் குறைந்ததற்குக் காரணம் மரம் அல்ல, ஊர் கடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது, எவ்வளவு மேட்டில் இருந்தது என்பதுதான் என்று. ஈப்போ நண்பர் இதைப் போட்டுவிட்டு மூன்று சிரிப்பு முகமும் போட்டிருக்கிறார். வாங்கிக்கொள்கிறேன்.

வாங்கிக்கொண்டு இரண்டு நாளாக இதையே யோசித்தேன். பட்டறையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதுகூட. தூரம்தான் காப்பாற்றியது என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் தூரத்தைக் காலியாக வைத்திருந்தது யார்? காடு நின்ற இடத்தில் வீடு இல்லை, ஓட்டல் இல்லை, என் அக்கா மீன் பொறுக்கும் மணல் இல்லை. காட்டை எடுத்துவிட்டால் அந்த ஐந்நூறு மீட்டர் ஐந்நூறு மீட்டராகவே இருக்காது. அடுத்த வருடமே அங்கே ஒரு தாமான் (குடியிருப்பு) முளைத்து, ‘கடல் காற்று வீசும் வீடு’ என்று பலகை வைத்திருப்பார்கள். மரம் அலையைத் தடுத்ததா என்பது ஒரு கேள்வி. மரம் மனிதனைத் தடுத்தது என்பதில் சந்தேகமே இல்லை.

4 ஜனவரி 2025, காலை 8.30

திருத்தம். பெரிய திருத்தம்.

அக்காவிடம் தொலைபேசிக் கதையைச் சொல்லி, இப்படி எழுதியிருக்கிறேன் என்றேன். “எந்தப் போன்?” என்றாள். மாமா அடித்தது அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்கு, எடுத்ததே அவள்தானாம். அன்று மத்தியானம் அடித்திருக்க வழியே இல்லை, நாகப்பட்டினத்தில் இணைப்பே அறுந்து கிடந்தது, மாமா திருவாரூர் போய் அங்கிருந்து பேசினார் என்கிறாள். அவர் பேசியதும் எங்களை எச்சரிக்க அல்ல. கடை போய்விட்டது, கடைப் பையன் கிடைக்கவில்லை என்று சொல்லி அழத்தான். அந்த ஒரு மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேல் செத்துப்போன நாளில், பினாங்கில் நாங்கள் கடற்கரைக்குப் போயிருப்போமா என்று அவருக்கு எப்படித் தோன்றும்?

காலி வீட்டில் அடித்துக்கொண்டே இருந்த மணியை நானே உண்டாக்கியிருக்கிறேன். எப்போது உண்டாக்கினேன் என்று தெரியவில்லை. யாராவது ஒருவர் நமக்குச் சொல்ல முயன்றார் என்று இருந்தால் மனசுக்குத் தெம்பு போலிருக்கிறது.

4 ஜனவரி 2025, காலை 8.52

ஒரு சேர்க்கை. யாருமே சொல்லவில்லை என்பதும் தப்பு. மாக்சிக் சொன்னார்.

9 ஜனவரி 2025, இரவு 10.15

“விலங்குகளுக்கு முன்கூட்டியே தெரிந்து ஓடிவிட்டனவாமே?” என்று தைப்பிங் அக்கா ஒருவர் கேட்கிறார். மற்ற ஊர் யானைகளைப் பற்றி எனக்குத் தெரியாது. ரோஜாக் கடைக்குக் கீழே ஒரு செவலை நாய் படுத்திருந்தது. தண்ணீர் வந்து போனபிறகும் படுத்தேதான் இருந்தது. அதன் வயிற்றில் அரைப் பொட்டலம் மீகூன்.

12 பிப்ரவரி 2025, இரவு 11.05

நேற்றுத் தைப்பூசம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடந்து ஏறி, முட்டி வலியோடு உட்கார்ந்து எழுதுகிறேன். தண்ணீர்ப் பந்தலில் நின்ற ஒருவர், “நீங்கள்தானே பாக்காவ் ஆள்?” என்று கேட்டார். பட்டப்பெயர் கிடைத்துவிட்டது.

மலையிலிருந்து கீழே பார்த்தபோது 2017 நினைவுக்கு வந்தது. நவம்பர் 4, சனிக்கிழமை. காற்றும் மழையும் இரவு முழுக்க. மறுநாள் பார்த்தால் தீவிலும் எதிர்க்கரை செபராங் பிறையிலும் பாதி ஊர் தண்ணீரில். ஏழு பேர் இறந்தார்கள். அக்கா அதற்குள் சுங்கை பினாங்கு ஓரமாக ஒரு தரை வீட்டுக்கு மாறியிருந்தாள். அடுக்குமாடி பயமாம், தரைதான் பத்திரமாம். அவளுக்கும் தண்ணீருக்கும் பூர்வ ஜென்மப் பகை.

விடிந்ததும் நான் மார்பளவு தண்ணீரில் போனேன். ஃபிரிட்ஜ் மல்லாந்து மிதந்தது, கதவு மேலே பார்த்து, சவப்பெட்டி மாதிரி. சாமி படங்கள் சுவரில் தண்ணீர்க் கோட்டுக்கு நாலு விரல்கடை மேலே தப்பித்திருந்தன. தீபாவளி முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, முறுக்கு டின்கள் வரிசையாக வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. ஒன்றைப் பிடித்துத் திறந்தேன். மொறுமொறுவென்று இருந்தது. அக்கா மாடிப்படியில் உட்கார்ந்து அழுதுகொண்டே ஒன்று எடுத்துக் கடித்தாள்.

அன்றும் பௌர்ணமிதான், ஐப்பசிப் பௌர்ணமி. 2004-இலும் பௌர்ணமி. அம்மாவுக்கு இது போதும், வருடம் முழுக்கப் பேசினார். அதில் விஷயம் இல்லாமலும் இல்லை. பௌர்ணமிக்குக் கடல் ஏற்றம் அதிகம். கடல் ஏறி நிற்கும்போது ஆறு எங்கே போய்க் கொட்டும்? மேலேயிருந்து மழைத் தண்ணீர் தள்ளுகிறது, கீழேயிருந்து கடல் தள்ளுகிறது, நடுவில் அக்காவின் ஃபிரிட்ஜ்.

அதற்கு இரண்டு வாரம் முன்னால், அக்டோபர் 21, தஞ்சோங் பூங்கா என்ற ஊரில் கட்டுமான இடத்தில் சரிவு இடிந்து 11 பேர் புதைந்துபோனார்கள். பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். இரண்டையும் அடுத்தடுத்து வந்த கெட்ட நேரம் என்றுதான் அன்று பேசிக்கொண்டோம். 76 மீட்டருக்கு மேலுள்ள மலை நிலத்தில் கட்டக்கூடாது என்று பினாங்கில் ஒரு விதி உண்டு. கூடவே ‘சிறப்புத் திட்டம்’ என்று ஒரு பின்வாசலும் உண்டு. மலை வழுக்கையானால் மழை நின்று நிதானித்து இறங்காது. ஒரே ஓட்டமாக வரும், மண்ணையும் கூட்டிக்கொண்டு. அந்த மண் ஆற்றில் படியும். ஆறு மேடாகும். அப்புறம் முறுக்கு டின்.

13 பிப்ரவரி 2025, மதியம் 12.40

“அவ்வளவு மழைக்கு எந்த ஊர்தான் தாங்கும், மலையைக் குறை சொல்லாதீர்கள்” என்கிறார் பட்டர்வொர்த் நண்பர். நியாயம். அன்றைக்குப் பெய்த மழை காட்டு மலையையும் தோற்கடித்திருக்கும். ஆனால் நான் பேசுவது அந்த ஒரு மழையைப் பற்றி மட்டும் இல்லை. அக்கா வீட்டில் 2017-க்கு முன்னும் பின்னும் கணுக்கால் அளவு எத்தனை முறை வந்தது என்று கேளுங்கள். அதெல்லாம் செய்தியில் வராத மழை.

13 பிப்ரவரி 2025, மதியம் 12.58

“இப்போதாவது எச்சரிக்கை மணி உண்டா?” என்று கேட்டவருக்கு. ஆமாம், 2005-இலேயே நம் நாட்டில் சுனாமி எச்சரிக்கை அமைப்பு வந்தது. 2012 ஏப்ரல் 11, மாலை ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால், சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் மறுபடியும் நிலநடுக்கம். எச்சரிக்கை வந்தது. எங்கள் ஆலையில் எல்லோரும் வெளியே ஓடினோம். சாலை முழுக்கக் கார். பக்கத்து வீட்டுக்காரர் ரைஸ் குக்கரோடு மலைப் பக்கம் போனார், உள்ளே சோறு வெந்துகொண்டிருந்ததாம். அலை வரவில்லை. இந்த முறை கடலடித் தட்டுகள் பக்கவாட்டில் நழுவின, தண்ணீரை மேலே தூக்கவில்லை. ஒரு வாரம் அவரைக் கேலி செய்தோம். நான் செய்திருக்கக் கூடாது, அதுவும் நான்.

16 மார்ச் 2025, மாலை 6.30

தெலுக் கும்பார் பக்கம் மீன் வாங்கப் போனேன். கடலைத் தூர்த்து எழும்பும் தீவு கரையிலிருந்தே தெரிகிறது. மணல் மேடு, அதன்மேல் எறும்பு மாதிரி லோரிகள். மூன்று தீவு, 4,500 ஏக்கர் என்று தொடங்கிய திட்டம். மீனவர்கள் மேல்முறையீடு செய்து, 2021 செப்டம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி செல்லாது என்று தீர்ப்பு வாங்கினார்கள். அப்புறம் புது அறிக்கை, புது அனுமதி. 2023-இல் ஒரே தீவு, 2,300 ஏக்கர் என்று குறைந்தது. பெயர் சிலிக்கன் தீவு.

மீன் விற்ற பாக்சிக்கிடம் (மலாய்ப் பெரியவர்) கெம்போங் மீன் இல்லையா என்றேன். “இன்னும் தூரம் போகணும், எண்ணெய்க் காசு கட்டாது” என்று மட்டும் சொன்னார். இழப்பீடு வாங்கினீர்களா என்று கேட்க வாய் வரவில்லை.

நான் யாரைத் திட்டுவது? 1972-இல் பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை வராவிட்டால் எனக்கு இந்த வேலை இல்லை. அதற்கு முன் அங்கே வயல்கள். ஜெலுத்தோங்கில் நாங்கள் குடியிருந்த கட்டடத்துக்கு முன்னால் ஓடும் நெடுஞ்சாலைகூட கடலைத் தூர்த்துப் போட்டதுதான். தீவில் சிலிக்கன் ஆலை வந்தால் என் மகளுக்கு அங்கே வேலை கிடைக்கலாம். இதையெல்லாம் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. திட்டப் படத்தில் அந்த இடம் வெறும் நீலம். சேற்றுத்தரை என்று ஒரு கோடுகூட இல்லை. பாக்சிக்குக்கோ அது நீலமே இல்லை. இங்கே இறால், அங்கே நண்டு, இந்தப் பக்கம் வலை கிழிக்கும் பாறை என்று வீட்டு அறை மாதிரிச் சொல்கிறார். அந்த ரோஜாக் மாக்சிக்கும் இப்படி ஒரு வீட்டுப் பிள்ளைதான். அவரைக் கடல் தெரிந்தவராக ஆக்கியதே இந்த மாதிரி ஒரு சேறு.

16 மார்ச் 2025, மாலை 6.41

மேலே கெம்போங் என்றது மீன். கிராமம் அல்ல. மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.

21 ஜூன் 2025, இரவு 9.45

டுரியான் காலம். பாலேக் பூலாவ் போய் மூக்குப்பிடிக்கத் தின்றுவிட்டு வந்து, இந்த இழையை மறுபடி எழுப்புகிறேன். மூன்று மாதமாக யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஈப்போ நண்பர் உயிரோடு இருக்கிறாரா?

தோட்டக்காரர் ஒரு மரத்தைக் காட்டி, இது வௌவால் கையில் இருக்கிறது என்றார். டுரியான் பூ மாலையில் விரிந்து, விடிவதற்குள் கொட்டிவிடும். அந்த ஓர் இரவுக்குள் மகரந்தம் சேர்க்க வருவது முக்கியமாக வௌவால். இதில் பாக்காவ் எங்கே வருகிறது? வருகிறது, பத்துமலை வழியாக.

1970-களில் பத்துமலை இருட்டுக் குகையில் இரண்டு ஆய்வாளர்கள் தேன் குடிக்கும் வௌவால்களின் எச்சத்தை எடுத்துப் பார்த்தார்கள். அதிலிருந்த மகரந்தத்தில் பெரெம்பாங் இன மரத்தினுடையதும் இருந்தது. பெரெம்பாங் சதுப்புநில மரம், கடலோரத்தில் மட்டும் நிற்பது. பத்துமலை முருகனுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த வௌவால் 38 கிலோமீட்டர் தள்ளியிருந்த கடற்கரைக் காடு வரை இரவில் பறந்து போய்ச் சாப்பிட்டு வந்திருக்கிறது! டுரியான் வருடத்தில் சில வாரம்தான் பூக்கும். மற்ற நாளெல்லாம் அந்த வௌவால் என்ன தின்னும்? வருடம் முழுக்கப் பூக்கும் மரங்களில் பெரெம்பாங்கும் ஒன்று. கடலோரத்தில் அதை வெட்டினால் மலைத்தோட்டத்தில் டுரியான் காய்ப்பு குறையலாம். குகை இருக்கும் சுண்ணாம்பு மலையைக் கல்லுக்காக உடைத்தாலும் அதே கதை. பத்துமலையில் 1980-கள் வரை உடைத்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

272 படி ஏறும்போது தலைக்கு மேலே கீச்சிட்டதை நான் அசிங்கம் என்று மூக்கைப் பொத்தியிருக்கிறேன். மன்னிக்கணும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நல்ல சேதி. தெலுக் பஹாங்கில் சாலையைக் கடக்கும்போது அடிபட்டுக்கொண்டிருந்த லோத்தோங் குரங்குகளுக்காக 2019-இல் ஒரு பாலம் கட்டினார்கள், பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னி, மரத்துக்கு மரம். இன்றைக்கு அந்தப் பக்கம் வந்தபோது காரை நிறுத்திப் பார்த்தேன். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையத்தோடு ஒரு தாய், வயிற்றில் ஆரஞ்சு நிறக் குட்டி. குட்டி ஏன் அந்த நிறம் என்று யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். அது கீழே என் காரை ஒரு பார்வை பார்த்துவிட்டு நடந்து போயிற்று. குழாய்க்கு விலை எவ்வளவு ஆகியிருக்கும்? பழைய குழாய்தானே.

22 ஜூன் 2025, காலை 10.10

அக்கா நேற்று டுரியான் தின்ன வந்தவள், என் கைபேசியை வாங்கி இந்த இழையை முதலிலிருந்து படித்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. தைப்பூசக் குறிப்பில் சிரித்தாள். பிறகு 23 டிசம்பர் குறிப்புக்குத் திரும்பிப் போய், அதையே இரண்டு முறை படித்தாள்.

“நீ மேலே கடையில் இல்லை” என்றாள்.

பிள்ளைகள் மட்டும்தான் மேலே, அம்மாவோடும் உன் மனைவியோடும். முதலில் இறங்கியது நீ. வாடா என்று நான் கூப்பிட்டுக்கொண்டே பின்னால் வந்தேன். நீ எனக்கும் முன்னால், பாறைக்கு அந்தப் பக்கம் நின்றாய். மாக்சிக் கத்தியது உன்னைப் பார்த்து. என் கையில் இருந்த ஒற்றைச் செருப்பு உன்னுடையது, நீலப் பட்டை.

இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன். வலது பாதத்தில் குதிகாலுக்கு மேலே அந்தத் தழும்பு இருக்கிறது. கண்ணாடி குத்தினால் அடிப் பாதத்தில் குத்தும். இது பக்கவாட்டில், மூன்று கோடாக, பாறையில் ஒட்டியிருக்கும் சிப்பி கிழித்த மாதிரி. சாலையோரக் கடையில் சிப்பி ஏது?